மேலே படிக்கத் தேவையில்லை

அத்தியாயம் 14

மத்தியானம் ஒரு மணிக்கு போன் வரும் என்று சொல்லியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கே கண்ணாடிக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அது அவள் பெயரல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் 'தோள்' என்கிற இணையக் குழுவில் சேர்ந்தபோது ஒரு புனைபெயர் கேட்டார்கள். மனதில் சட்டென்று வந்ததைத் தட்டிவிட்டாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களின் குழு அது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சொந்தப் பெயரில் யாராவது புலம்புவார்களா?

போன வாரம் கொழுந்தன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். அண்ணன் போய் எட்டு மாதமாகியும் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியத்தை ஒரு கப் டீ ஆறுவதற்குள் கொட்டிவிட்டான் மனிதன்.

"அண்ணனும் அந்தக் குழுவுல இருந்தாரு அண்ணி. 'ஜன்னல் சீட்'னு பேரு. நான்தான் சேத்துவிட்டேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு."

சொன்னாராம். வாயில் ஒரு சொல் வராமல் மூன்று வருஷம் கிடந்த மனிதர்! இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவர். ஒரு நாள் காலையில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலது பக்கத்தையும் பேச்சையும் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது இடது கை. அதிலும் ஒரு விரல்தான் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் ஒரு டேப்லெட்டை இரவலாகக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் படத்தோடு படம் சேர்க்கிற விளையாட்டு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் போனபின் அதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவர்களும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு யாருக்கோ கொடுத்தாயிற்று.

கொழுந்தன் சொன்ன அன்றைக்கே தேடினாள். 'ஜன்னல் சீட்' என்ற பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது. 'பதிவு 1. விதிமீறல் காரணமாக நீக்கப்பட்டது.'

என்ன எழுதினார்? யாருக்கு எழுதினார்? நீக்கிய பதிவை மாடரேட்டர்கள் மட்டும்தான் பார்க்க முடியும் என்று தெரிந்தது. தோதாக, சம்பளம் இல்லாத மாடரேட்டர் வேலைக்கு ஆள் தேவை என்று குழுவின் முகப்பிலேயே போட்டிருந்தார்கள். விண்ணப்பித்துவிட்டாள். 'ஏன் இந்தப் பொறுப்புக்கு வர விரும்புகிறீர்கள்?' என்ற கட்டத்தில், 'பிறருக்கு உதவ' என்று எழுதினாள்.

அந்த விண்ணப்பத்துக்கான பேட்டிதான் இன்று மத்தியானம்.

*

காலையில் மகள்தான் கடையில் கொண்டுபோய் விட்டாள். மகளுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் எங்கேயாவது கொண்டுபோய் மோதுவதற்குள் கற்றுக்கொடுக்கிறவர் மிதிப்பதற்கு.

"காலை மடக்கி வெச்சுக்கோம்மா. போன தடவை மாதிரி மிதிச்சுத் தொலைக்காதே."

"தெரியும்டி. நீ ரோட்டைப் பாரு."

சிக்னலில் நின்றபோது மகள் ரோட்டையே பார்த்தபடி கேட்டாள்.

"அந்த வேலை கிடைச்சா என்ன பண்ணுவே?"

"அப்பா எழுதினதைப் படிப்பேன். வேறென்ன?"

"நமக்குத் தெரியக் கூடாதுன்னு அவரு நினைச்சிருந்தா?"

"தெரியக் கூடாதுன்னா எதுக்கு எழுதணும்?"

"நமக்கா எழுதினாரு? முகம் தெரியாதவங்களுக்கு எழுதினாரு. நீயும்தானேம்மா எழுதினே? அதையெல்லாம் அப்பா படிச்சிருப்பாரேன்னு யோசிச்சியா?"

பச்சை விழுந்தது. கார் நகர்ந்த வேகத்தில் கண்ணாடிக்காரியின் கால் தானாக நீண்டு பிரேக்கை மிதித்துவிட்டது. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தியே தன் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டான்.

"அம்மா!"

"தெரியாம பட்டுடுச்சு."

யோசித்தாளா என்றா கேட்கிறாள்? ஒரு வாரமாக வேறு எதை யோசித்தாள்? தூக்கம் போனது அதனால்தானே.

குழுவில் அவள் எழுதாத புலம்பல் இல்லை. அதிலும் ஒன்று, பதினாலு மாதத்துக்கு முன்னால் எழுதியது, சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. 'இன்றைக்கும் ஸ்பூனைத் தட்டிவிட்டார். பாலில் ஊறவைத்த ரொட்டி என் புடவையெல்லாம். எதற்கு இந்தக் கோபம்? நான் என்ன செய்தேன்? சில நாள், இது முடிந்தால் போதும் என்றிருக்கிறது.'

அதன் கீழே நூற்றுப் பன்னிரண்டு பேர் 'எனக்கும்தான்' என்ற பொத்தானை அழுத்தியிருந்தார்கள். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது!

அந்த ஆறுதலுக்காகத்தான் குழுவில் நாலாவது விதி. பார்த்துக்கொள்கிறவர்கள் மட்டும்தான் அங்கே எழுதலாம். படுத்திருப்பவர்கள் எழுதக் கூடாது. அவர்களுக்கு வேறொரு பகுதி இருந்தது. படுக்கையில் கிடப்பவர் காதில் விழும் என்றால் யார் மனம்விட்டு அழுவார்கள்? அந்த விதிக்குக் கண்ணாடிக்காரியைவிடக் கண்டிப்பான காவல்காரி யாரும் இல்லை. யாராவது அந்தப் பகுதியிலிருந்து தப்பித் தவறி வந்து எழுதினால் உடனே புகார் அழுத்திவிடுவாள்.

கடை வாசலில் இறங்கும்போது மகள் அவள் கையைப் பிடித்தாள்.

"காலையில ஏதாவது சாப்பிட்டியா?"

"டப்பா இருக்கு. அப்புறம் சாப்பிடறேன்."

"உன் அப்புறம் எப்பவும் வராதும்மா," என்றாள் மகள்.

*

சில கண்ணுக்கு லென்ஸை டாக்டர் எழுதிய கோணத்தில் திருப்பி வைத்துத்தான் வெட்ட வேண்டும். கோணம் தப்பினால் போட்டுக்கொள்கிறவருக்குக் கதவும் சுவரும் சாய்ந்து தெரியும். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் அவள் கையில் கெட்டிருக்கும். இன்று பத்து மணிக்குள் ஒன்று கெட்டுவிட்டது. தொண்ணூறில் வைக்க வேண்டியதை நூற்றெண்பதில் வைத்து வெட்டியிருந்தாள்.

முதலாளி லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டுகிற மனிதர் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"என்னம்மா, வீட்டுக்காரர் ஞாபகமா?"

"ஆமா சார்."

"போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. வேற ஒண்ணு வெட்டிக்கலாம்."

ஒரு மணிக்கு அவள் பிரேம் பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை. ஒன்று ஐந்துக்கு போன் அடித்தது.

"கண்ணாடிக்காரிங்களா? உப்புமூட்டை பேசறேன்."

தூக்கிவாரிப் போட்டது. குழுவின் தலைமை மாடரேட்டர் உப்புமூட்டையை இத்தனை நாளும் மீசை வைத்த ஆண்பிள்ளை என்றல்லவா நினைத்திருந்தாள்! பேசியது அறுபது தாண்டிய ஒரு பெண்.

"சொல்லுங்கம்மா."

"என்ன, குரலைக் கேட்டுப் பயந்துட்டீங்களா? எல்லாருக்கும் அப்படித்தான். பத்தொன்பது வருஷமா என் தம்பியை முதுகுல தூக்கிட்டுத் திரியறேன். அதான் அந்தப் பேரு. ஒரு நிமிஷம்..." போனுக்கு அப்பால் யாரோ முனகுவது கேட்டது. "இருடா கண்ணு, வரேன். அக்கா எங்கேயும் போகல. ...ஆங், சொல்லுங்க. இல்ல, நானே சொல்றேன். எங்களுக்கு ஆள் பத்தல. ஆறு பேர் இருந்தோம், இப்போ ரெண்டே பேர். காத்திருப்புல நானூறு போஸ்ட் கிடக்கு. ஒரு வருஷத்துக்கு முந்தினதுகூட இருக்கு."

"காத்திருப்புன்னா?"

"ஒருத்தர் எழுதினதை ஒரு தடவை நீக்கிட்டோம்னா, அதுக்கப்புறம் அவரு எழுதறது நேரா போகாது. மாடரேட்டர் பார்த்து விட்டாத்தான் போகும். அது எழுதினவங்களுக்குத் தெரியாது. அவங்க கண்ணுக்கு எல்லாம் போன மாதிரியேதான் இருக்கும். பாவம், ஒருத்தரும் பதில் சொல்லலையேன்னு உட்கார்ந்திருப்பாங்க. இப்படி ஒரு ஏற்பாடு எனக்கே பிடிக்கல. என்ன பண்றது, ரெண்டு பேரா நாங்க எதைன்னு பார்ப்போம்?"

"சரிங்க."

"உங்க பழைய பதிவேட்டைப் பார்த்தேன். இதுவரைக்கும் நாப்பத்தொரு புகார் குடுத்திருக்கீங்க. நாப்பத்தொண்ணும் சரி. ஒண்ணைக்கூட நாங்க தள்ளல. முக்கால்வாசி நாலாவது விதி. இந்த மாதிரி கறாரா இருக்கற ஆள்தான் வேணும்."

புகழ்ந்துதான் சொன்னாள் அந்த அம்மாள்.

நாற்பத்தொன்று. அதில் எத்தனை பேருடைய பெயர் அவளுக்கு நினைவிருக்கிறது? ஒன்றுகூட இல்லை. பஸ்ஸில் போகும்போது, பால் காயும்போது, சலவை இயந்திரம் ஓடும்போது, கட்டை விரலால் தட்டிவிட்டுப் போனவை. இருக்காது, அப்படி இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். யாரைப் பார்த்துக்கொள்கிறோமோ அவர் இறந்துவிட்டால் குழுவில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் மறு வாரமே 'பிறகு' என்ற வேறொரு அறைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே எல்லோரும் நல்லவர்கள், ஆறுதலாகப் பேசுவார்கள் என்று கேள்வி. ஆனால் அங்கிருந்து இந்த அறைக்கு மாடரேட்டராக வர முடியாது. அவள் எட்டு மாதமாகச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் சொல்ல மனசு வரவில்லை. இப்போது சொன்னால் காரியம் கெட்டுவிடும்.

"அப்படியேதான் இருக்கார்," என்றாள்.

சொல்லி முடித்த கணத்தில் அது நிஜமாகிவிட்டது. ஜன்னலோரம் கட்டில், அவர், மடியில் டேப்லெட். எவ்வளவு நன்றாக இருந்தது அந்தப் பொய்! இன்னும் கொஞ்ச நேரம் அதிலேயே இருக்கலாம் போல் இருந்தது.

"ஒழுங்கா சாப்பிடறாரா?"

"ஸ்பூனைத் தட்டிவிடறாரு."

"கையைப் போர்வைக்குள்ள சொருகிட்டு ஊட்டுங்க. என் தம்பிக்கு அப்படித்தான் பண்ணுவேன்."

"அதுவும் பண்ணியாச்சு."

"நமக்கு மட்டும் ஆசையா என்ன? வயித்துக்குப் போகணுமே." உப்புமூட்டை பெருமூச்சு விட்டாள். "சரி, சாயங்காலம் அஞ்சரை மணிக்கு உங்களுக்குத் திறந்துவிடறேன். எட்டு போஸ்ட் அனுப்பறேன். எதை விடலாம், எதை நீக்கலாம்னு நீங்க சொல்லுங்க. அதுதான் பரீட்சை. ஆனா ஒண்ணு. குடுத்ததை மட்டும் பாருங்க. வேற யார் பேரையும் தேடாதீங்க. ஆர்வத்துல ஒருத்தரோட நீக்கின போஸ்ட்டைத் திறக்கறது அடுத்தவங்க பீரோவைத் திறக்கற மாதிரி. முதல் வாரம் நீங்க எதைத் தொட்டாலும் எனக்குத் தெரியும்."

"சரிங்கம்மா."

இரண்டாவது பொய், முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

*

அரை நாள் அனுமதி கேட்டு வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் ஜன்னலோரம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தரை விரிப்பில் கட்டிலின் நாலு கால் பதிந்த குழிகள் போகவில்லை. துடைக்கும்போது அவற்றைச் சுற்றித்தான் துடைப்பாள்.

ஐந்து மணிக்குக் கொழுந்தன் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். தோளில் கருவிப் பை. அண்ணனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்க மூன்று வருஷமும் ஐந்து மணிக்கு வந்தவன். அண்ணிக்குக் கடையில் ஆறரை மணிவரை வேலை. அதுவரை அண்ணனுக்குத் துணை. இப்போது தூக்குவதற்கு ஆளில்லை. ஐந்து மணியானால் கால் மட்டும் இங்கே வந்துவிடுகிறது. வந்து குழாய், ஸ்விட்ச் என்று எதையாவது கழற்றி மாட்டுவான். அந்த வீட்டில் அவன் கழற்றாதது சுவர்தான்.

"கிடைச்சுதா அண்ணி?"

"அஞ்சரைக்குத் திறக்கறாங்க, தம்பி. நீயும் இரு. சேர்ந்து படிக்கலாம்."

"நான் வரல." கருவிப் பையைத் தரையில் வைத்தான். "அவரு தட்டும்போது நான் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருப்பேன். திரையை அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்குவாரு. பார்க்காதேன்னு அர்த்தம். அப்போ பார்க்கல, இப்போ மட்டும் பார்க்கணுமா?"

"நிறைய எழுதினாரா?"

"ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகும் அண்ணி. முதல்ல எழுதினதுக்கு மூணு சாயங்காலம் ஆச்சு. அனுப்பிட்டு என் கையைப் பிடிச்சு அமுக்கினாரு பாருங்க, சின்னப் பையன் மாதிரி. மறுநாள் பார்த்தா நீக்கியாச்சுன்னு வந்திருக்கு. மூஞ்சியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டாரு. ரெண்டு நாள் டேப்லெட்டைத் தொடல."

"அப்புறம்?"

"அப்புறம் திரும்பவும் ஆரம்பிச்சாரு. கடைசி வாரம் வரைக்கும் தட்டிட்டுதான் இருந்தாரு. அதெல்லாம் போய்ச் சேர்ந்துதுன்னுதான் நினைச்சேன்."

கண்ணாடிக்காரிக்கு மத்தியானம் அந்த அம்மாள் சொன்னது காதில் திரும்பக் கேட்டது. ஒருத்தரும் பதில் சொல்லலையேன்னு உட்கார்ந்திருப்பாங்க.

மகளும் அன்று சீக்கிரமே வந்துவிட்டாள். வந்தவள் ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஐந்தரைக்குத் திரையில் புதிதாக ஒரு பக்கம் திறந்தது. எட்டுப் பதிவுகள். எழுதியவர் பெயர் இல்லாமல், விடு, நீக்கு என்று இரண்டு பொத்தான்கள் மட்டும். ஒருவர் ஏதோ மூலிகை மருந்து விற்கப் பார்த்தார். நீக்கு. ஒரு பெண், மாமியாரை அறைந்துவிட்டதாகவும் அன்றிலிருந்து தன் கையைத் தானே பார்க்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தாள். யாரோ அவளைப் புகார் செய்திருந்தார்கள். கண்ணாடிக்காரி அதைக் கடைசி வரிவரை இரண்டு தடவை படித்தாள். விடு. அப்படியே எட்டும் முடிந்தன. எட்டில் ஒன்றும் அவருடையதில்லை.

மேல் மூலையில் தேடும் கட்டம் இருந்தது.

அடுத்தவங்க பீரோ என்றாள் அந்த அம்மாள். இது யார் பீரோ? இருபத்தெட்டு வருஷம் ஒரே பீரோவில் துணி வைத்தவர்கள்தானே நாங்கள் என்று மனம் வக்காலத்து வாங்கியது. 'ஜன்னல் சீட்' என்று தட்டினாள்.

வந்துவிட்டது. பதினாலு மாதத்துக்கு முந்தைய தேதி. தனிப் பதிவு அல்ல, ஒரு பதிவுக்குக் கீழே எழுதிய பதில். எந்தப் பதிவு என்று மேலே போட்டிருந்தது. 'இன்றைக்கும் ஸ்பூனைத் தட்டிவிட்டார்.'

அவள் எழுதியது.

'நான் பார்த்துக்கொள்கிறவன் இல்லை. படுத்திருக்கிறவன். இங்கே எழுதக் கூடாது. தெரியும். மன்னிக்கவும்.

கண்ணாடிக்காரி அம்மாவுக்கு.

முடிந்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பில்லை. எனக்கும்தான்.

உங்கள் வீட்டுக்காரர் ஏன் ஸ்பூனைத் தட்டுகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் ஏன் தட்டுகிறேன் என்று சொல்கிறேன். என் மனைவி காலையில் எனக்கு ஊட்டிவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிறாள். நீ முதலில் சாப்பிடு என்று சொல்லப் பார்க்கிறேன். வாய் வரவில்லை. கைதான் போகிறது. அவள் கோபம் என்று நினைக்கிறாள்.

நாளைக்கு அவர் தட்டினால், நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். அவர் தட்ட மாட்டார்.'

அவ்வளவுதான். கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் மாடரேட்டர்களுக்கான விவரம்.

'புகார் செய்தவர்: கண்ணாடிக்காரி. பதிவு வந்து இரண்டு நிமிடத்தில். காரணம்: விதி 4. குறிப்பு: முதல் வரியிலேயே தெரிகிறது. மேலே படிக்கத் தேவையில்லை.'

அவள் அழவில்லை. அழுகை வரவில்லை. அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். யாரோ எழுதியது போல் இருந்தது. யாரோ இல்லை. அவளேதான். எங்கே இருந்து எழுதினாள்? கடையிலிருந்து வரும் பஸ்ஸில் இருந்திருக்கும். இங்கே, இந்த ஜன்னலோரம், அவர் தம்பியின் கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில்.

அதற்குப் பிறகு அவர் ஆறு மாதம் இருந்தார். ஆறு மாதமும் காலையில் அவள் என்ன செய்தாள்? குழுவில் கேட்ட யோசனைப்படி, சொன்ன பேச்சைக் கேட்கிற அந்த ஒரே கையைப் போர்வைக்குள் சொருகி, விளிம்பைத் தன் முழங்காலால் அழுத்திக்கொண்டு ஊட்டினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு முழுங்கினார். 'பாரு, இப்போ எவ்வளவு சமர்த்து,' என்றுகூட ஒரு நாள் சொன்னாள். ஐயோ, சொன்னாளே!

பக்கத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. 'இந்த உறுப்பினரின் பிற பதிவுகள்: காத்திருப்பில் 11.'

அதைத் தொட்டாள். பட்டியல் விரிந்தது. ஒவ்வொன்றிலும் தேதியும் முதல் வரியும்தான் தெரிந்தன. முழுதாகப் படிக்க வேண்டுமானால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். தேதிகள் ஆறு மாதத்துக்கும் பரவிக் கிடந்தன. முதல் வரி பதினொன்றிலும் ஒன்றேதான்.

'கண்ணாடிக்காரி அம்மாவுக்கு.'

அப்போது திரையின் ஓரத்தில் ஒரு செய்தி முளைத்தது. உப்புமூட்டை.

'எட்டும் நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா நான் குடுக்காத ஒரு பேரைத் தேடியிருக்கீங்க. யார் அது?'

கண்ணாடிக்காரி பட்டியலைப் பார்த்தாள். இப்போதே ஒவ்வொன்றாகத் திறந்து படித்துவிடலாம். கைதவறி அழுத்திவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப்போட்டால், அந்த அம்மாள் நம்பினாலும் நம்புவாள். அதற்குள் பதினொன்றையும் பார்த்துவிடலாம். அல்லது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

பதில் வராமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது. தட்டினாள். அவளுக்கும் அப்போது ஒரு விரல்தான் ஓடியது.

'என் வீட்டுக்காரர். அப்படியே இருக்கார்னு மத்தியானம் சொன்னது பொய். அவர் போய் எட்டு மாசம் ஆச்சு. அந்தப் புகார் குடுத்தது நான்தான். யார்னு தெரியாம குடுத்தேன். முழுசாப் படிக்காம குடுத்தேன். இதைப் படிக்கத்தான் விண்ணப்பம் போட்டேன். மன்னிச்சுடுங்க.'

அனுப்பினாள். அவர் போய்விட்டார் என்று அந்தக் குழுவில் அவள் சொல்வது இதுதான் முதல் தடவை.

திரை ஒரு தடவை மங்கியது. பட்டியல் மறைந்தது. 'உங்கள் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று வந்தது.

*

சமையலறை மேஜையில் மகள் ஒரு தட்டை வைத்தாள். ரொட்டி, முட்டை. ஒரே தட்டு.

"உனக்கு?"

"நீ சாப்பிடும்மா. காலையிலேர்ந்து பட்டினின்னு உன் மூஞ்சியே சொல்லுது. கடை டப்பாவைத் திறந்து பார்த்தேன், அப்படியே இருக்கு."

வேறு நாளாக இருந்தால், நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிடறேன் என்றிருப்பாள். இருபத்தெட்டு வருஷமாக அதையே சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். இன்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒரு வாய் எடுத்து வைத்தாள். தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினாள். இன்னொரு வாய். கண்ணிலிருந்து வழிவது ரொட்டியில் சொட்டியதைத் துடைக்கக்கூட இல்லை. மகள் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா. அப்பா என்ன எழுதியிருந்தாரு?"

கண்ணாடிக்காரி மென்று முழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"என்னைச் சாப்பிடச் சொல்லியிருக்காரு."

கூடத்தில் எதையோ கழற்றிக்கொண்டிருந்த ஓசை நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்த கொழுந்தன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மேஜை மேல் போன் அடித்தது. திரையில் 'உப்புமூட்டை' என்றிருந்தது. செய்தி அனுப்பாமல் நேராகவே கூப்பிடுகிறாள். திட்டவா, குழுவை விட்டுப் போ என்று சொல்லவா? அந்தப் பதினொன்றையும் தரப்போகிறாளா, இல்லை, இனி இல்லவே இல்லையா?

மகள் பதறிக்கொண்டு போனை எடுக்கப் போனாள்.

"இரு," என்றாள் அம்மா, தட்டிலிருந்து கையை எடுக்காமல். "சாப்பிட்டுட்டு எடுக்கறேன்."